கஞ்சில் பொய் சொல்கிறது, திருடுகிறது. குழந்தைக்கு வாசித்துக் காட்டலாமா?

ஆறு வயது மகளுக்கு ஜகார்த்தாவிலிருந்து நண்பர் ஒருவர் வாங்கி வந்த படக்கதைப் புத்தகங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கஞ்சில் என்ற குட்டி மான் பக்கத்துக்குப் பக்கம் பொய் சொல்கிறது, வெள்ளரிக்காய் திருடுகிறது, தண்டனையே இல்லாமல் தப்பி ஓடுகிறது, இதை வாசித்துக் காட்டலாமா, அதோடு இது நம் பஞ்சதந்திரம்தானே, அப்படியானால் அதையே வாசித்துவிட்டுப் போகலாமே என்பது கேள்வி. இரண்டு மூன்று தடவை படித்த பிறகு, நீங்கள் மனசில் வைத்துக் கேட்பது இன்னும் கொஞ்சம் ஆழமானது என்று தோன்றியது. ஏமாற்றுகிறவன் ஜெயிக்கும்போது என் மகள் கைதட்டிச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பை நான் தடுக்க வேண்டுமா? அங்கிருந்தே தொடங்குகிறேன், பஞ்சதந்திரத்துக்கு அப்புறம் வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. பதினான்கு வருடங்களாகச் சிறுவர் படப்புத்தகங்களுக்கு எடிட்டராக வேலை பார்க்கிறேன். அதில் இரண்டு வருடம் யோக்யகர்த்தாவில் இருந்தேன், இந்தோனேசிய மொழி அங்கே கற்றுக்கொண்டது. ஜாவானிய மொழி எனக்கு வாசிக்க வராது, அதனால் பழைய ஜாவானியச் சுவடிகளைப் பற்றி நான் சொல்வது இந்தோனேசிய மொழிபெயர்ப்புகள் வழியாகவும் அறிஞர்கள் எழுதியதன் வழியாகவும் தெரிந்துகொண்டது. குழந்தை உளவியலும் நான் படித்ததில்லை. பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்து இந்தக் கதைகளைப் பல வருடம் வாசித்த அனுபவம் இருக்கிறது, அதை வைத்துப் பேசுகிறேன்.

வாசியுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல முதலைக் கதையை எடுத்துக்கொள்கிறேன், உங்கள் கையில் இருக்கிற புத்தகங்களிலும் அநேகமாக அது இருக்கும். அக்கரையில் பழம் பழுத்துக் கிடக்கிறது, நடுவில் ஆறு, ஆறு முழுக்க முதலை. கஞ்சில் கரையில் நின்று கூப்பிடுகிறது: ராஜா உங்களுக்கெல்லாம் விருந்து வைக்கப்போகிறார், எத்தனை பேர் என்று எண்ணிவரச் சொன்னார், வரிசையாக நில்லுங்கள். இக்கரையிலிருந்து அக்கரை வரை முதலைகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசை போட்டு நிற்கின்றன, கஞ்சில் ஒவ்வொரு முதுகாக எண்ணிக்கொண்டே தாவிப் போய் அக்கரையில் இறங்கிவிடுகிறது. பொய்தான், சந்தேகமே இல்லை. யாரிடம் சொன்ன பொய் என்று பாருங்கள். தன்னைத் தின்பதற்கென்றே காத்திருக்கிற கூட்டத்திடம் சொன்னது. விருந்து என்றதும் அவற்றுக்கு வாயில் எச்சில் ஊறியது, அதனால்தான் அந்தப் பொய் எடுபட்டது.

புலிக் கதைகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். புலி பாய வருகிறது. பக்கத்தில் ஒரு குளவிக்கூடு தொங்குகிறது. ஐயோ இப்போது என்னைத் தொந்தரவு செய்யாதே, சுலைமான் ராஜாவின் சேகண்டிக்கு நான் காவல் இருக்கிறேன் என்கிறது கஞ்சில். (விலங்குகளின் பாஷை தெரிந்தவர் என்று இஸ்லாமிய மரபு சொல்லும் நபி சுலைமான்தான் இவர், மலாய் மொழிக் கதைகளில் கஞ்சில் தன் பொய்க்கெல்லாம் இவர் பெயரைத்தான் முத்திரையாகப் பயன்படுத்தும்.) ஒரே ஒரு தடவை தட்டிப் பார்க்கிறேனே என்று புலி கேட்கிறது. கூடாது, என் தலை போய்விடும் என்கிறது கஞ்சில். மறுக்க மறுக்கப் புலிக்கு ஆசை ஏறுகிறது, கடைசியில், சரி, நான் கண்மறைவாகப் போன பிறகு தட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறது. மறுநாள் சுருண்டு கிடக்கிற மலைப்பாம்பு ராஜாவின் அரைக்கச்சை ஆகிறது, இலையால் மூடிய எருமைச் சாணி ராஜாவின் பலகாரம் ஆகிறது, காற்றில் விரிந்து மூடுகிற பிளந்த மூங்கில் ராஜாவின் குழல் ஆகிறது, அதில் புலியின் நாக்கு மாட்டிக்கொள்கிறது. நாலு தடவையும் புலியை வீழ்த்துவது ராஜாவின் பொருள் தனக்கு வேண்டும் என்ற அதன் ஆசைதான், பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட வேகமாகப் பிடித்துவிடுவார்கள். சாணி வருகிற பக்கத்தில் அவர்கள் உருண்டு சிரிப்பதை நான் ஒருநாளும் நிறுத்தப் பார்த்ததில்லை.

கஞ்சில் எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. அது நாம் நினைக்கிற மான் இல்லை, நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் இருக்கிற சருகுமானின் உறவு. இரண்டு கிலோ, மிஞ்சினால் இரண்டரை, கிட்டத்தட்ட ஒரு முயல் அளவு. ஆங்கிலேய அதிகாரி ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1821ல் அறிவியல் பெயர் வைத்தபோது உள்ளூர்க்காரர்கள் சொன்ன கஞ்சில் என்ற சொல்லையே சேர்த்துவிட்டார். புலியோ நூறு கிலோவுக்கு மேல். அந்த மக்களின் பழமொழிகள் இந்த விலங்கை ஒரு மாதிரியும் கதைகள் இன்னொரு மாதிரியும் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். யானையும் யானையும் மோதினால் நடுவில் சருகுமான் சாகும் என்பது மலாய்ப் பழமொழி. சருகுமான் கண்ணியை மறந்தாலும் கண்ணி சருகுமானை மறக்காது என்பது இன்னொன்று. நிஜக் காட்டில் நடப்பதைப் பழமொழி சொல்கிறது, கதையில் அந்தச் சின்ன உயிர் அதே காட்டில் ஒருநாள் பிழைத்துக்கொள்கிறது. மலேசியாவின் மெலாக்கா நகரம் பிறந்த கதையிலும் இந்த விலங்குதான்: சுமத்ராவின் பாலெம்பாங்கிலிருந்து வந்த இளவரசர் பரமேசுவரா மரத்தடியில் இளைப்பாறும்போது அவருடைய வேட்டை நாயை ஒரு வெள்ளைச் சருகுமான் உதைத்துத் தண்ணீரில் தள்ளியதாம், சின்ன உயிருக்கே இவ்வளவு துணிச்சல் வருகிற மண் என்று அங்கேயே ஊரைக் கட்டினாராம். அந்த மக்களுக்குள் இந்த விலங்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன், வரலாறு என்று சொல்லவில்லை.

இனி வெள்ளரிக்காய். இதுதான் கஷ்டமான கதை, உங்கள் தயக்கத்தில் நியாயம் இருப்பதும் இங்கேதான். புலியும் முதலையும் கஞ்சிலைக் கொல்ல வந்தவை, விவசாயி அப்படி இல்லையே, பாடுபட்டு வெள்ளரி போட்டவர். கஞ்சில் ராத்திரி ராத்திரி வந்து தின்கிறது, அவர் பிசின் பூசிய ஒரு வைக்கோல் பொம்மையை வயலில் நிறுத்துகிறார், கஞ்சில் அதைக் கை நீட்டித் தொட்டு ஒட்டிக்கொண்டு மாட்டுகிறது. கூண்டில் அடைத்து மறுநாள் சமைக்கலாம் என்று வைத்திருக்கும்போது வீட்டு நாய் வருகிறது. எனக்கு எஜமானரின் மகளோடு கல்யாணம், நாளைக்கு விருந்து, உனக்கு வேண்டுமானால் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று நாயை உள்ளே போகவைத்துவிட்டு கஞ்சில் வெளியே வந்துவிடுகிறது.

இந்தக் கதை குழந்தைகளுக்கு நல்லதா என்று இந்தோனேசியாவிலேயே ஆசிரியர்களும் பெற்றோர்களும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே மழலைப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு பாட்டு இருக்கிறது, வெள்ளரி திருடும் அந்தப் போக்கிரிப் பிள்ளையை உடனே பிடித்து அடை, மன்னிக்காதே என்று சொல்கிற பாட்டு. காலையில் அந்தப் பாட்டைப் பாடுகிற அதே பிள்ளைகள் சாயங்காலம் கஞ்சில் கூண்டிலிருந்து தப்பும்போது கைதட்டுவதை யோக்யகர்த்தாவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிள்ளைகளால் இரண்டையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்துக்கொள்ள முடிகிறது: திருடியது தப்பு, ஆனாலும் சட்டியில் வேகவேண்டிய அளவுக்குத் தப்பு இல்லை. நான் வாசிக்கும்போது இந்தக் கதையில் மட்டும் விவசாயியின் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன். அவருக்கு எத்தனை காய் போயிற்று, அவர் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று பிள்ளைகளையே சொல்லவிடுவேன். ஐந்து வயதுக்குக் கீழே இதை முதல் கதையாக எடுக்கமாட்டேன்.

புத்தகம் வாங்கும்போது நீங்கள் பார்க்கவேண்டிய ஒரு விஷயம் இதிலிருந்து வருகிறது. இந்தோனேசியாவில் அச்சாகிற மலிவு விலைப் படக்கதைகளில் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு 'நீதி' எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் இந்தோனேசியம் ஆங்கிலம் இரண்டிலும். அதை வாசிக்காமல் புத்தகத்தை மூடிவிடுங்கள். சில புதிய பதிப்புகள் இன்னும் ஒரு படி போய், கஞ்சில் விவசாயியிடம் அழுது மன்னிப்புக் கேட்டு இனிமேல் திருடமாட்டேன் என்று சத்தியம் செய்வதாக முடிவையே மாற்றிவிடுகின்றன. நான் ஒருகாலத்தில் வேலை பார்த்த பதிப்பகத்தில் இப்படி ஒரு முடிவை எழுதச்சொன்னார்கள், எழுதியும் கொடுத்தேன், புத்தகம் வந்தது. அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துப் பார்த்தபோது கடைசி இரண்டு பக்கத்தில் யாருமே படத்தைப் பார்க்கவில்லை, ஒரு பையன் என்னிடம், நாய் என்ன ஆயிற்று என்று கேட்டான். திருத்திய கதையில் நாய் வரவே இல்லை, ஆனால் அவனுக்குப் பழைய கதை தெரிந்திருந்தது. அன்றிலிருந்து நாட்டுப்புறக் கதையின் முடிவில் நான் கைவைப்பதில்லை. வேண்டாம் என்றால் அந்தக் கதையையே விட்டுவிடலாம், எடுத்தால் அதன் எலும்போடு எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இப்போது பஞ்சதந்திரம். இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்று, இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன். நம் விலங்குக் கதைகள் ஜாவாவுக்குப் போய் ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, இதில் சந்தேகம் இல்லை, கல்லிலேயே இருக்கிறது. போரோபுதூருக்குப் பக்கத்தில் மெண்டூட் கோயில் படிக்கட்டுப் பக்கம் போனால் ஒரு கம்பைக் கவ்விக்கொண்டு இரண்டு பறவைகளோடு வானத்தில் போகிற ஆமையைப் பார்க்கலாம், வாயைத் திறந்து கீழே விழுந்து சாகுமே, அதே ஆமைதான். பழைய ஜாவானிய மொழியில் தந்திரி காமந்தகம் என்று ஒரு கதைத் தொகுப்பு உண்டு, தந்திரி என்ற பெண் ராஜாவுக்குக் கதை சொல்வதாக வருவது. அது வடக்கே பரவிய பஞ்சதந்திரத்தைவிடத் தென்னிந்தியாவில் வழங்கிய தந்திரோபாக்கியானம் என்ற கிளைக்கு நெருக்கமானது என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்புறம் நேரடியாகத் தமிழிலிருந்தே போனதும் உண்டு. மெலாக்காவில் பிறந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, அவர் முன்னோர்களில் அரபியரும் தமிழரும் உண்டு, 1835ல் தமிழ் தெரிந்த நண்பர் ஒருவரின் துணையோடு பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுபோனார். ஆக, நீங்கள் மோப்பம் பிடித்தது சரி. கிணற்றில் தன் நிழலைப் பார்த்து இன்னொரு புலி என்று புலி பாய்கிற கஞ்சில் கதையை வாசித்தால் நம் சிங்கமும் முயலும்தான் நினைவுக்கு வரும். அந்தத் தீவுகளில் சிங்கம் கிடையாது, அதனால் அந்த வேலை புலிக்குப் போயிற்று, முயலின் இடத்தில் கஞ்சில் வந்து உட்கார்ந்தது.

அதற்காகக் கஞ்சில் கதை எல்லாமே இங்கிருந்து போனவை என்று சொல்லிவிட முடியாது. முதலை எண்ணுகிற கதை பஞ்சதந்திரத்தில் இல்லை, அங்கே இருப்பது முதலையும் குரங்கின் ஈரலும், அது வேறு கதை. ஆனால் கிட்டத்தட்ட இதே கதை ஜப்பானில் 712ல் எழுதி முடித்த கொஜிக்கி நூலில் இருக்கிறது, அங்கே ஒரு முயல் கடலைத் தாண்டுவதற்காகக் கடல் பிராணிகளை வரிசையில் நிற்கச்சொல்லி எண்ணுகிறது, கரை வருவதற்கு ஒரு தாவு முன்னால் வாய் தவறி உண்மையைச் சொல்லி, ரோமம் தோலோடு உரிபடுகிறது. யார் யாரிடமிருந்து வாங்கினார்கள், இல்லை இரண்டு பேருக்கும் மூன்றாவதாக ஒரு மூலம் இருந்ததா என்பதற்கு எழுத்தில் சாட்சி கிடையாது, யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். பிசின் பொம்மையும் அப்படித்தான். ஒட்டுமயிர் அரக்கனோடு சண்டை போட்டுக் கை கால் தலை எல்லாம் ஒட்டிக்கொள்கிற இளவரசன் புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகத்தில் இருக்கிறான், ஆப்பிரிக்கக் கதைகளில் இருக்கிறது, அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் வழியாக அமெரிக்காவில் முயல் கதையாகவும் இருக்கிறது. இந்தோனேசியாவுக்குள்ளேயே இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு, சுலாவெசிப் பக்கம் கெட்டிக்காரத்தனம் ஆமைக்குத்தான், வாழை மரத்தைப் பங்கு போடுவதில் குரங்கை அது ஏமாற்றும்.

எழுத்தில் வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் கஞ்சிலைப் பற்றிய செய்யுள் நூல்கள் பல உண்டு, அதில் பேர்போனது அமோங்சாஸ்த்ரா 1822ல் எழுதியது, அரண்மனைக்காரர்கள் படிப்பதற்காக எழுதியது, குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது கிடையாது. மலாயில் பெலாண்டுக் ஜெனகா என்ற கதை, அதில் சருகுமானுக்கு 'காட்டில் உலகாளும் அரசன்' என்று பட்டமே உண்டு, 1885ல் நெதர்லாந்தில் அச்சேறியது. படத்தோடு வந்த பழைய புத்தகங்களில் வால்டர் ஸ்கீட் மலாய்த் தீபகற்பத்தில் சேகரித்து 1901ல் கேம்பிரிட்ஜில் வெளியிட்டது முக்கியமானது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெரியவர்கள் அரசியலையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசுவதற்கு வைத்திருந்த கதைகள் பிற்பாடுதான் பள்ளிப் புத்தகத்துக்கு வந்தன, அதனால் சிலவற்றில் ஆறு வயதுக்குத் தாங்காத கொடுமையும் இருக்கிறது.

ஸ்கீட்டின் புத்தகத்தில் இருக்கிற நீர்நாய்க் கதை அப்படிப்பட்டது, எனக்குத் தெரிந்த எல்லாக் கதைகளிலும் அதுதான் உயர்ந்தது என்று நினைக்கிறேன். நீர்நாய் தன் குட்டிகளைச் சருகுமானிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போகிறது, திரும்பி வந்தால் குட்டிகள் மிதிபட்டுச் செத்துக் கிடக்கின்றன. வழக்கு சுலைமான் ராஜாவிடம் போகிறது. மரங்கொத்தி போர்ச் சேகண்டி அடித்தது, போர் நடனத்துக்குத் தலைவன் நான், ஆடினேன், குட்டிகளை மறந்துவிட்டேன் என்கிறது சருகுமான். ஏன் அடித்தாய் என்றால், உடும்பு வாள் கட்டிக்கொண்டு வந்தது என்கிறது மரங்கொத்தி. ஆமை கவசம் போட்டிருந்தது என்கிறது உடும்பு. நண்டு சூலத்தை இழுத்துக்கொண்டு வந்தது என்கிறது ஆமை. இறால் ஈட்டி தூக்கியிருந்தது என்கிறது நண்டு. கடைசியில் இறால் சொல்கிறது: நீர்நாய் என் பிள்ளைகளைத் தின்ன இறங்கி வந்தது, அதனால் எடுத்தேன். அப்படியானால் உன் குட்டிகள் செத்ததற்கு நீயேதான் காரணம் என்று நீர்நாயிடம் ராஜா சொல்வதுதான் தீர்ப்பு. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதை வாசித்தால் அரை மணி நேரம் சண்டை போடுவார்கள், தீர்ப்பு சரியா தப்பா என்று. ஆறு வயதுக்கு வேண்டாம், குட்டிகள் செத்ததோடு மனசு அங்கேயே நின்றுவிடும்.

ஆறு வயதுக்குச் சரியான நீதிமன்றக் கதை எருமையும் முதலையும். மரத்தடியில் நசுங்கிக் கிடந்த முதலையை எருமை விடுவித்து முதுகில் ஏற்றி ஆற்றில் இறக்கிவிட, அது எருமையின் காலையே கவ்வுகிறது. ஆற்றில் மிதந்துவருகிற பழைய கூடையிடமும் பழைய பாயிடமும் நியாயம் கேட்கிறார்கள். உழைத்துத் தேய்ந்ததும் எங்களைத் தூக்கி எறிந்தார்கள், நல்லதுக்குப் பலன் கெட்டதுதான் என்கின்றன இரண்டும். கஞ்சில் மட்டும், எனக்குப் புரியவில்லையே, முதலில் எப்படி இருந்தது, நடித்துக் காட்டுங்கள் என்கிறது, முதலை திரும்பவும் மரத்தடிக்குப் போய்விடுகிறது. பிராமணரும் புலியும் நரியும் என்று நம் பக்கத்தில் சொல்வதன் உடன்பிறப்பு இது. ஆனால் அந்தக் கூடையும் பாயும் மிதந்து வருகிற பக்கத்தை நல்ல ஓவியர் ஒருவர் வரைந்துவிட்டால் பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.

இன்னொன்றையும் தவறாமல் வாசியுங்கள், கஞ்சில் தோற்கிற கதை. ஓட்டப்பந்தயத்தில் நத்தையைக் கேலி செய்கிறது, நத்தை தன் சொந்தக்காரர்களை ஆற்றங்கரை நெடுக நிறுத்திவைக்கிறது, கஞ்சில் எங்கே நின்று கூப்பிட்டாலும் முன்னாலிருந்து ஒரு நத்தை 'இதோ இருக்கிறேன்' என்கிறது. அதே உபாயத்தால் கருடனை ஆமை ஜெயிக்கிற கதை ஜாவாவில் பிரம்பானன் பக்கம் சோஜிவான் கோயில் அடித்தளத்தில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே செதுக்கியிருக்கிறார்கள். கஞ்சிலைவிடச் சின்னது ஒன்று வந்ததும் தோல்வி கஞ்சிலுக்கு மாறிவிடுகிறது பாருங்கள். ஏமாற்றுகிறவன் ஜெயிப்பதை ரசிக்கிறாளே என்று நீங்கள் கவலைப்பட்டீர்களே, கஞ்சில் ஜெயிக்கிற கதை ஒன்றையும் இந்த நத்தைக் கதையையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு அவள் யார் பக்கம் நிற்கிறாள் என்று கவனியுங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் நத்தைப் பக்கம் போய்விடுவார்கள், நேற்றுவரை கஞ்சிலுக்குக் கைதட்டியவர்களே.

படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு நான் நியாயம் செய்யவில்லை என்று ஆகிவிடும். கஞ்சில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது கொம்பை. சருகுமானுக்கு ஆணுக்கும் கொம்பு கிடையாது, பெண்ணுக்கும் கிடையாது, ஆணுக்கு மேல்வாயில் இரண்டு கோரைப்பல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கூன் போட்ட முதுகு, பென்சில் மாதிரி கால், தொண்டையில் வெள்ளைப் பட்டை, முகத்துக்குப் பெரிய கண். இதையெல்லாம் விட்டுவிட்டுப் புள்ளிமான் குட்டிக்குக் கொம்பு வைத்து, புலியின் தோள் உயரத்துக்கு வரைந்திருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுவேன். அளவு போய்விட்டால் பயமும் போய்விடுகிறது, பயம் இல்லாத இடத்தில் கஞ்சில் சொல்வது வெறும் பொய்யாகத்தான் தெரியும். நல்ல ஓவியர் புலியின் முகத்தையே முழுப் பக்கத்துக்கு வைத்து, மூலையில் நகம் அளவுக்குக் கஞ்சிலை நிறுத்துவார், பிள்ளை அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதலைக் கதைக்கு அகலமான புத்தகம் வேண்டும், வரிசை பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்துக்கும் போக வேண்டும். குளவிக்கூட்டை ஒரு பக்கத்தில் தொங்கவிட்டு, தட்டியதும் என்ன ஆயிற்று என்பதைத் தாள் திருப்பிய பிறகுதான் காட்ட வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டையும் போட்டவர் யாருக்கும் இந்தக் கதையை வாய்விட்டு வாசித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஜாவாவில் இதற்கு ஒரு பெரிய பாடசாலை இருக்கிறது, வாயாங் கஞ்சில் என்ற தோல்பாவைக் கூத்து. 1925ல் சுராகர்த்தாவில் போ லியெம் என்ற சீனர் தொடங்கியது, பிறகு மங்கிப்போய், 1980லிருந்து யோக்யகர்த்தாவில் கி லெஜார் சுப்ரோதோ பாவைகளைத் தானே செதுக்கிக் குழந்தைகளுக்காக மீண்டும் உயிர்ப்பித்தார், 2017ல் காலமானார். மகாபாரதப் பாவைகளைப் போலவே எருமைத் தோலில் துளையிட்டு நிறம் தீட்டியவை, ஆனால் புலியும் முதலையும் யானையும் பக்கவாட்டில் முழு அசைவோடு இருக்கும். உங்கள் நண்பர் திரும்பவும் போகிறார் என்றால், இந்தப் பாவைகளின் சாயலில் வரைந்த புத்தகம் கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கணினியில் வழவழவென்று வரைந்த படங்களைவிட இவை குழந்தையின் கண்ணில் நிற்கும்.

கடைசியாக, நீங்கள் வாசிக்கும்போதே தமிழில் மாற்றிச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள், அதற்கு இரண்டு யோசனை. கஞ்சிலை 'குட்டி மான்' என்று சொல்லாதீர்கள், சருகுமான் என்றே சொல்லுங்கள், அல்லது கஞ்சில் என்று பெயராகவே வைத்துக்கொள்ளுங்கள். சருகுமானின் நிஜப் புகைப்படம் ஒன்றைத் தேடி முதலில் காட்டிவிடுங்கள், பக்கத்தில் உங்கள் வீட்டுப் பூனையையோ ஒரு தேங்காயையோ காட்டி அளவு சொல்லுங்கள். துரத்தப்பட்டால் அது தண்ணீருக்குள் முங்கிப் பதுங்கித் தப்புவதைப் போர்னியோவிலும் இலங்கையிலும் ஆராய்ச்சியாளர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள், அதையும் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். முதலைகளை எண்ணுகிற இடத்தில் மட்டும் தமிழுக்கு மாற்றாமல் இந்தோனேசியர்கள் எண்ணுகிற மாதிரியே எண்ணுங்கள்: சாத்து, டுவா, தீகா, அம்பாட், லீமா. ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் உங்கள் முழங்காலிலிருந்து தரைக்கு ஒரு தாவு தாவட்டும்.